செம்மறிக் குட்டிகளுக்குப் புரோபயாடிக்: எப்போது, எவ்வளவு, எப்படிக் கலப்பது

புரோபயாடிக் என்பது உயிருள்ள நுண்ணுயிர். மருந்துக் கடையில் வாங்கும்போதும் உயிரோடு இருக்க வேண்டும், குட்டியின் வயிற்றுக்குள் போகும்போதும் உயிரோடு இருக்க வேண்டும். பணம் போட்டு வாங்கியும் பலன் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். பொடி வெயிலிலோ வெந்நீரிலோ ஈரத் தீவனத்திலோ செத்துப் போயிருக்கும், அல்லது பத்துக் குட்டிக்கான அளவை ஒரே குட்டி தின்றிருக்கும். எனவே இங்கே சரக்கைவிடக் கையாளும் முறையைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். மேச்சேரி, சென்னைச் சிவப்பு, இராமநாதபுரம் வெள்ளை போன்ற நம் ஊர் இனங்களைக் கொட்டகையிலோ பரணிலோ வளர்ப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

எந்தக் குட்டிக்கு வேண்டும்?

தாயோடு இருந்து, மடியில் பால் குடித்து, பட்டியில் திரியும் குட்டிக்கு நல்ல நுண்ணுயிர்கள் தானாகவே கிடைக்கின்றன. தாய் நக்குவதிலிருந்தும் மடிக்காம்பிலிருந்தும் அது கொறிக்கும் புல்லிலிருந்தும் வந்து சேரும். அதற்குத் தினமும் புரோபயாடிக் கொடுப்பது வீண்செலவு.

தாய் இறந்த குட்டி, இரட்டைக் குட்டியில் பால் போதாமல் புட்டியில் வளர்வது, பிறந்ததும் பரணில் தனியே பிரிக்கப்பட்டது, ஆன்டிபயாடிக் முடித்தது, பால்குடி மறக்கடிக்கப்படுவது, சந்தையிலிருந்து வண்டியில் வந்து இறங்கியது. இவற்றுக்குத்தான் பலன் அதிகம்.

படி 1: முதலில் சீம்பால்

இதைச் செய்யாமல் வேறு எதைக் கொடுத்தும் பயனில்லை. பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால், 24 மணி நேரத்துக்குள் உடல் எடையில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு. இரண்டரை கிலோ குட்டிக்கு 250 மில்லி. புட்டியில் கொடுப்பதானால் வேளைக்கு 50 மில்லி வீதம் ஐந்து வேளை. முதல் நாளில் குட்டியின் குடல் எதிர்ப்புப் புரதங்களை அப்படியே ரத்தத்துக்குள் விடும், பிறகு அந்த வழி மூடிக்கொள்ளும். முதல் சீம்பாலோடு எந்தப் பொடியையும் கலக்காதீர்கள். புரோபயாடிக் இரண்டாவது, மூன்றாவது வேளையில் வரட்டும்.

படி 2: எதை வாங்குவது

கடையில் கிடைப்பவை மூன்று வகை. லாக்டோபேசில்லஸ், என்டரோகாக்கஸ் போன்ற லாக்டிக் பாக்டீரியாக்கள் பால் குடிக்கும் பருவத்துக்குப் பொருத்தம், ஆனால் சூட்டில் சீக்கிரம் சாகும். உயிருள்ள ஈஸ்ட், அதாவது சாக்கரோமைசஸ் செரிவிசியே, குட்டி தீவனம் தின்னத் தொடங்கியதும் உதவுவது. மூன்றாவது பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லைக்கனிஃபார்மிஸ் போன்ற வித்து வடிவ பாக்டீரியாக்கள். இவை சூட்டையும் குச்சித்தீவனம் தயாரிக்கும் நீராவியையும் தாங்கும்.

என் தேர்வு: புட்டிக் குட்டிக்கு லாக்டிக் வகை பேஸ்ட், தீவனப் பருவத்துக்கு உயிருள்ள ஈஸ்ட். ஃபிரிட்ஜ் வசதியில்லாத, தகரக் கூரைக் கொட்டகைக்குப் பேசில்லஸ். கல்லீரல் டானிக், வைட்டமின், புரோபயாடிக் எல்லாம் ஒரே திரவத்தில் இருப்பதாகச் சொல்லும் புட்டிகளை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். லாக்டிக் பாக்டீரியா அப்படிப்பட்ட திரவத்தில் மாதக்கணக்கில் உயிரோடு இருப்பது கடினம்.

லேபிளில் பார்க்க வேண்டியவை: நுண்ணுயிரின் முழுப்பெயர், ஒரு கிராமில் எத்தனை சி.எஃப்.யூ. (உயிருள்ள நுண்ணுயிர் எண்ணிக்கை), அந்த எண்ணிக்கை காலாவதி நாள்வரை உறுதியா அல்லது தயாரித்த அன்றைக்கு மட்டுமா, சேமிக்கும் வெப்பநிலை. “ஈஸ்ட் கல்ச்சர்” என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் உயிரற்ற ஈஸ்ட்டும் அது வளர்ந்த ஊடகமும்தான். அதுவும் தீவனச் சேர்க்கைதான், ஆனால் புரோபயாடிக் அல்ல.

இன்னொன்றும் கட்டாயம் பாருங்கள்: தாமிரம். மாட்டுக்கும் கோழிக்கும் தயாரித்த சில கலவைகளில் காப்பர் சல்பேட் சேர்த்திருப்பார்கள். செம்மறி தாமிரத்தைக் கல்லீரலில் சேர்த்துக்கொண்டே போகும். வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாது. ஒருநாள் திடீரென்று கண் மஞ்சளாகும், சிறுநீர் கருஞ்சிவப்பாகும், ஆடு செத்துவிடும். மொத்தத் தீவனத்தில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது செம்மறிக்கு உச்சவரம்பு. வெள்ளாடு தின்று நன்றாக இருக்கிறது என்பதை நம்பிச் செம்மறிக்குக் கொடுக்காதீர்கள்.

படி 3: உயிர் இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள்

ஈஸ்ட்டுக்கு: கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர் (35 முதல் 38 டிகிரி) அரை டம்ளர், அதில் ஒரு ஸ்பூன் சர்க்கரை, 5 கிராம் பொடி. கலக்கி மூடி வையுங்கள். கால் மணி நேரத்தில் மேலே நுரை கட்டி, மாவு புளித்த வாசனை வந்தால் உயிர் உண்டு. மேல்பூச்சு கொடுத்த ஈஸ்ட் என்றால் ஒரு மணி நேரம் வரை பொறுங்கள். அதற்குப் பிறகும் தண்ணீர் கலங்கலாக மட்டும் நின்றால் அந்தப் பாக்கெட் உங்களுக்கு வேண்டாம்.

லாக்டிக் வகைக்கு: காய்ச்சி வெதுவெதுப்பாக ஆறிய பாலை இரண்டு சுத்தமான டம்ளரில் ஊற்றி, ஒன்றில் மட்டும் ஒரு கிராம் பொடி போடுங்கள். இரண்டையும் மூடி அடுப்படியில் ஒரு நாள் வையுங்கள். பொடி போட்டது உறைந்து மற்றது அப்படியே இருந்தால் சரக்கு நன்றாக இருக்கிறது. இரண்டும் உறைந்தால் டம்ளர் சுத்தமில்லை, மறுபடி செய்யுங்கள். பேசில்லஸ் வகையை இப்படிச் சோதிக்க முடியாது, லேபிளைத்தான் நம்ப வேண்டும்.

சேமிப்பு: பாக்கெட்டைத் தீவன அறையில் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் திறக்கவும் வேண்டாம். குளிர்ந்த பாக்கெட்டுக்குள் காற்றுப் பட்டால் ஈரம் கோக்கும், பொடி கட்டி கட்டும். அரை மணி நேரம் வெளியே வைத்துப் பிறகு திறந்து, ஒரு வாரத்துக்கானதை உலர்ந்த டப்பாவில் எடுத்துக்கொண்டு மீதியை இறுக்க மூடுங்கள்.

படி 4: புட்டிக் குட்டிக்கு வாய்வழி

முதல் வாரம் பேஸ்ட் அல்லது பாலில் கலந்து, லேபிளில் “குட்டிக்கு” என்று போட்ட அளவு. பெரிய ஆட்டின் அளவைப் பாதியாக்கிக் கொடுக்கும் பழக்கம் வேண்டாம். பால் 38, 39 டிகிரியில் இருக்கும்போது கலக்குங்கள். கொதித்த பாலில் போட்டால் எல்லாம் செத்துவிடும். முதலில் நாலு ஸ்பூன் பாலில் பொடியைக் கரைத்து, அந்த வேளையின் முதல் வாயிலேயே கொடுத்துவிட்டு, பிறகு மீதிப் பாலைக் கொடுங்கள். மொத்தப் பாலிலும் கலந்தால் குட்டி பாதியில் நிறுத்தும்போது மருந்தும் பாதி நின்றுவிடும்.

சிரிஞ்சில் கொடுப்பதானால் குட்டியின் தலையை மேலே தூக்காதீர்கள். தரைக்கு இணையாக வைத்து, வாயின் ஓரத்தில் கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையே விட்டு, விழுங்க விழுங்கத் தள்ளுங்கள். தலையை அண்ணாத்திவிட்டு வேகமாகத் தள்ளினால் நுரையீரலுக்குள் போகும், இரண்டு நாளில் நிமோனியா வரும்.

படி 5: குட்டித் தீவனத்தில் கலப்பது

குட்டி பிறக்கும்போது அதன் முதல் வயிறு வேலை செய்வதில்லை. பால் நேராக நான்காவது வயிற்றுக்குப் போய்விடும். பத்தாம் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தீவனம் கொறிக்கும்போதுதான் முதல் வயிறு வளரத் தொடங்குகிறது. தானியம் அங்கே நொதித்து வரும் அமிலங்களே அதன் உட்சுவரை வளர்க்கின்றன. ஈஸ்ட் அங்கே மிச்சமுள்ள ஆக்சிஜனைத் தின்று, காற்றில்லாமல் வாழும் நார் செரிக்கும் பாக்டீரியாக்களுக்கு இடம் செய்து கொடுக்கிறது. லாக்டிக் அமிலத்தை உட்கொள்ளும் பாக்டீரியாக்களையும் ஊக்குவிக்கிறது. அதனால்தான் இந்தப் பருவத்துக்கு ஈஸ்ட்.

தீவனம் 100 கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளம் 40, கடலைப்புண்ணாக்கு 30, கோதுமைத்தவிடு 10, எண்ணெய் நீக்கிய அரிசித்தவிடு 12, மொலாசஸ் (கரும்பாலைக் கழிவுப்பாகு) 5, செம்மறிக்கான தாது உப்பு 2, சாதா உப்பு 1. புரதம் 19, 20 சதவீதம் வரும். புண்ணாக்கில் பூஞ்சை வாடை இருந்தால் குட்டிக்குப் போடாதீர்கள். பழைய குட்டித் தீவனக் குறிப்புகள் சிலவற்றில் ஆன்டிபயாடிக் சேர்க்கச் சொல்லி ஒரு வரி இருக்கும், அதை விட்டுவிடுங்கள். வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் போடுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-லேயே நிறுத்தியது. இந்தியாவும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2019-ல் தடை விதித்தது. ஒரே தீவனத்தில் ஆன்டிபயாடிக்கும் புரோபயாடிக்கும் போடுவது எப்படியும் பொருந்தாத வேலை.

தாய் நுழைய முடியாத, குட்டி மட்டும் நுழையும் தடுப்புக்குள் தொட்டியை வையுங்கள். தொடக்கத்தில் குட்டிக்கு 20, 30 கிராம், போகப் போக 100 கிராம் வரை.

இனிதான் பலருக்கும் தவறும் இடம். லேபிளில் “1 கிலோ தீவனத்துக்கு 1 கிராம்” என்று இருக்கிறது. நீங்கள் 100 கிலோ தீவனத்தில் 100 கிராமைத் தூவி, மண்வெட்டியால் புரட்டி, மூட்டை கட்டி வைத்துவிடுகிறீர்கள். இரண்டு கேடு நடக்கும். மொலாசஸ் ஈரத்தில் ஈஸ்ட் விழித்துக்கொண்டு, தின்ன ஒன்றும் சரியாகக் கிடைக்காமல், தாது உப்போடு கிடந்து சாகும். அடுத்து, பொடி சன்னமானது, மக்காச்சோளம் பருமனானது. மூட்டையை நகர்த்த நகர்த்தப் பொடி அடியில் இறங்கும். மேல்பாதி தின்ற குட்டிகளுக்கு ஒன்றும் கிடைக்காது.

ஆகவே முன்கலவை செய்யுங்கள். 225 கிராம் கோதுமைத்தவிட்டை ஒரு மணி நேரம் வெயிலில் காய வைத்து, நிழலில் முழுக்க ஆற விடுங்கள். 25 கிராம் புரோபயாடிக்கை ஒரு தட்டில் கொட்டி, அதே அளவு தவிடு போட்டு விரலால் கலக்குங்கள். பிறகு இப்போது இருக்கும் அளவுக்குச் சமமாக இன்னொரு பங்கு தவிடு, மறுபடி கலக்கல். இப்படியே 250 கிராம் வரை கொண்டு வாருங்கள். எடுத்தவுடன் எல்லாத் தவிட்டையும் கொட்டிக் கலக்கினால் பொடி ஒரு மூலையில் திட்டாக நின்றுவிடும். உலர்ந்த டப்பாவில் நிழலில் வையுங்கள்.

தினமும் தீவனம் வைக்கும்போதுதான் இதைச் சேர்க்க வேண்டும். 20 குட்டிக்கு 100 கிராம் வீதம் 2 கிலோ தீவனம் என்றால் புரோபயாடிக் 2 கிராம், அதாவது முன்கலவை 20 கிராம். சமையலறைத் தராசு 2 கிராமைச் சரியாகக் காட்டாது, 20 கிராமைக் காட்டும். தவிட்டில் கலப்பதன் பாதிப் பலன் இதுவே. ஸ்பூன் கணக்கு வேண்டாம், ஒவ்வொரு நிறுவனத்தின் பொடியும் வேறு வேறு கனம். தீவனத்தின் மேல் தூவிக் கையால் பிசறுங்கள். மொலாசஸ் பிசுபிசுப்பில் பொடி ஒட்டிக்கொள்ளும், சில மணி நேரத்தில் தின்றுவிடுவதால் ஈரம் கெடுதல் செய்யாது. மீந்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

கவனியுங்கள்: 30 கிராம் தின்னும் குட்டிக்கு இந்தக் கணக்கில் கிடைப்பது 0.03 கிராம் மட்டுமே. அதனால் புட்டிக் குட்டிகளுக்கு, தீவனம் 100 கிராமைத் தொடும்வரை வாய்வழி அளவையும் தொடருங்கள்.

படி 6: எப்போது தொடங்கி, எப்போது நிறுத்துவது

பால்குடி மறக்கடிப்பது 90-ஆம் நாள் என்றால் ஐந்து நாள் முன்பே தொடங்கி, மறக்கடித்த பிறகு இரண்டு வாரம். சந்தைக் குட்டிக்கு வந்து இறங்கிய அன்றிலிருந்து பத்து நாள். பிறகு நிறுத்திவிடலாம். கொடுப்பதை நிறுத்தினால் இந்த நுண்ணுயிர்கள் குடலில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. ஆகவே சிக்கலான நாட்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

ஆன்டிபயாடிக் ஓடும்போது லாக்டிக் வகை கொடுத்தால் மருந்தே அதைக் கொன்றுவிடும். கடைசி வேளை முடிந்த மறுநாள் தொடங்கி ஒரு வாரம், பத்து நாள் கொடுங்கள். ஈஸ்ட் பூஞ்சை வகை, பாக்டீரியா அல்ல. அதனால் ஆன்டிபயாடிக்கோடும் கொடுக்கலாம். சல்ஃபா மருந்தும் பாக்டீரியாவைக் கொல்வதுதான் என்பதை மறக்க வேண்டாம். குடற்புழு மருந்துக்கும் துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லித் தடுப்பூசிகளுக்கும் இந்தப் பிரச்சினை இல்லை, நிறுத்த வேண்டியதில்லை.

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

ஒரே வாரத்தில் பிறந்த குட்டிகளை ஒற்றை, இரட்டை, கிடா, பெட்டை எல்லாம் இரண்டு பக்கமும் சமமாக வரும்படி பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் கொடுங்கள். தொங்கு தராசில் வாரம் ஒருமுறை, காலையில் பால் குடிக்கும் முன் எடை பாருங்கள். ஆறு வாரத்தில் வித்தியாசம் இல்லையென்றால் உங்கள் கொட்டகைக்கு அது தேவையில்லை. புழுக்கையையும் பாருங்கள். பால் பருவத்தில் மஞ்சளாகக் களி போல இருப்பது இயல்பு, தீவனமும் கடலைக்கொடியும் தின்னத் தொடங்கியதும் உருண்டையாக வேண்டும். வால் சுற்றிலும் ஈரமாக ஒட்டியிருந்தால் ஏதோ சரியில்லை.

பிற்சேர்க்கை: அடிக்கடி வரும் சிக்கல்கள்

தண்ணீர்த் தொட்டியில் கலக்கலாமா? வேண்டாம். பால் குடிக்கும் குட்டி தண்ணீர் அதிகம் குடிப்பதில்லை, வெயிலும் கொல்லும், குழாய்த் தண்ணீரின் குளோரினும் கொல்லும்.

தயிர் போதாதா? கொஞ்சம் தயிர் கெடுதல் செய்யாது. ஆனால் அதில் எந்த பாக்டீரியா எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, ஒவ்வொரு நாளும் மாறும். புளித்த தயிரை இளங்குட்டிக்குக் கொடுக்காதீர்கள். ரொட்டி செய்யும் ஈஸ்ட்டும் சாக்கரோமைசஸ்தான், ஆனால் அது மாவு பொங்கத் தேர்ந்தெடுத்த ரகம். தீவன ஈஸ்ட் கிடைக்கும்போது அதை நாட வேண்டியதில்லை.

கழிச்சல் வந்த குட்டிக்குப் புரோபயாடிக் மட்டும் கொடுத்துக் காத்திருப்பதுதான் நான் பார்க்கும் மிகப் பெரிய ஆபத்து. ஒன்று முதல் மூன்று மாதக் குட்டியின் கழிச்சலில் ரத்தமோ சளியோ இருந்தால் ரத்தக்கழிச்சல் நோயாக இருக்கலாம், அதற்குத் தனி மருந்து வேண்டும். நன்றாகக் கொழுத்த குட்டி திடீரென்று துள்ளி விழுந்தால் துள்ளுமாரி. சோறோ தானியமோ மூட்டையில் வாய் வைத்துத் தின்றுவிட்டு வயிறு உப்பிக் கிடந்தால் அமிலம் ஏறியிருக்கிறது. இவை எதையும் ஈஸ்ட் பொடி காப்பாற்றாது. கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள்: மடிப்பு உடனே சமமாகாமல் நின்றால் உடலில் நீர் வற்றிவிட்டது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து, வேளைக்கு 50 முதல் 100 மில்லி, நாளுக்கு நான்கு வேளை கொடுத்தபடியே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். குட்டி உறிஞ்சவே முடியாமல் தலை தொங்கிக் கிடந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், அதற்கு மருத்துவர் வந்து ட்ரிப் ஏற்ற வேண்டும்.