ஃபார்ம் இழந்த கோல்ஃப் ஆட்டக்காரர்கள் எரிச்சலில் செய்யும் தவறுகள்

கோல்ஃப் ஆடுகிற எவருக்கும் ஆட்டம் கைகொடுக்காத காலம் ஒன்று வரத்தான் செய்கிறது. நேற்றுவரை நேராகச் சென்ற பந்து வலப்புறம் வளைந்து மரங்களுக்குள் போகிறது. மூன்றடித் தூரத்திலிருந்து உருட்டிவிடும் புட், குழியின் விளிம்பைத் தொட்டுவிட்டு விலகுகிறது. வழக்கமாக 95 ஸ்ட்ரோக்குகளுக்குள், அதாவது பந்தை 95 தடவைக்குள் அடித்து, சுற்றை முடிப்பவர் நூறைத் தாண்டுகிறார். இந்த நிலையில் தொழில்முறை ஆட்டக்காரருக்குப் பயிற்சியாளர் உண்டு, பயிற்சிக்கு நாள் முழுவதும் உண்டு. வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையே வாரத்தில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி ஆடும் அமெச்சூருக்கு அவை இல்லை. எரிச்சலில் அவர் எடுக்கும் முடிவுகள், இரண்டு வாரத்தில் தீர வேண்டிய சரிவை ஆறு மாதத்துக்கு இழுத்துவிடுகின்றன. ஃபார்ம் போனதற்கான காரணத்தைவிட, அதை மீட்பதற்காகச் செய்யும் காரியங்களே அதிகம் கெடுக்கின்றன என்பது என் கருத்து.

அவற்றுள் முதலாவதும் மற்றவற்றுக்கெல்லாம் வேரானதும், தன் சிறந்த நாளையே தன் இயல்பான தரமாக எடுத்துக்கொள்வது. ஒருவருடைய ஆட்டத்திறனைக் காட்டும் எண்ணான ஹேண்டிகேப் (குறையக் குறைய நல்லது) எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைக் கவனித்தால் இது விளங்கும். 2020-இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில், ஒருவருடைய கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8 சுற்றுகளின் சராசரியே அவருடைய ஹேண்டிகேப் குறியீடு ஆகிறது. மீதி 12 சுற்றுகள் அந்தச் சராசரியில் சேர்வதே இல்லை. அந்த எட்டிலும் ஏறக்குறையப் பாதி சராசரிக்கு மேலும் பாதி அதற்குக் கீழும் அமையும் என்பதால், இருபது சுற்றுகளில் நான்கைந்தில்தான் ஒருவர் தன் ஹேண்டிகேப்புக்குச் சமமாகவோ அதைவிட நன்றாகவோ ஆடுகிறார். கடினமும் அல்லாத எளிதும் அல்லாத ஒரு பார் 72 மைதானத்தில், அதாவது 72 ஸ்ட்ரோக்கை இலக்காக வைத்த மைதானத்தில், 18 ஹேண்டிகேப் உள்ளவர் 90 எடுத்தால் அது அவருடைய நல்ல நாள். 93, 95 என்று முடிப்பது சாதாரண நாள். எப்போதாவது 100 எடுப்பதும் அந்த ஹேண்டிகேப்புக்குள் அடங்கியதுதான். இது தெரியாதவர், இருபதில் பதினைந்து நாள்கள் ஏமாற்றத்தோடு வீடு திரும்புகிறார். மூன்று சாதாரண நாள்கள் அடுத்தடுத்து வந்ததும் ஃபார்ம் போய்விட்டதாக முடிவு கட்டிவிடுகிறார்.

உண்மையான சரிவு வந்தாலும் அந்த முறை அதை உடனடியாக நிரந்தரமாகக் கருதுவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கடந்த ஓராண்டின் மிகக் குறைந்த குறியீட்டைவிட 3 ஸ்ட்ரோக்குக்கு மேல் உயரும்போது அந்தக் கூடுதல் உயர்வு பாதியாகக் குறைக்கப்படுகிறது. 5 ஸ்ட்ரோக்குக்கு மேல் உயர விடுவதே இல்லை. ஒரே ஹோலில் (குழியில்) பத்து, பதினொன்று என்று எடுத்தாலும், ஹேண்டிகேப் கணக்கில் அந்த ஹோலுக்கு, டபுள் போகியோடு (அந்த ஹோலின் பாரைவிட இரண்டு கூடுதல்) நம் ஹேண்டிகேப்படி நமக்குரிய ஸ்ட்ரோக்குகளைச் சேர்த்ததற்கு மேல் ஏறாது. கணக்கு காட்டும் இந்தப் பொறுமையை ஆட்டக்காரர் தனக்குத் தானே காட்ட மறுப்பதுதான் வேதனை.

எதிர்பார்ப்பு வீங்குவதற்குத் தொலைக்காட்சியும் ஒரு காரணம். திரையில் பெரும்பாலும் அந்த வாரம் முன்னணியில் இருப்பவர்களின் ஷாட்டுகளே வருகின்றன. அவர்கள் முன்னணியில் இருப்பதற்குக் காரணமே அந்த வாரம் அவர்களுக்குப் புட்டுகள் விழுந்ததுதான். அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் எட்டடித் தூரத்திலிருந்து ஆடப்படும் புட்டுகளில் ஏறத்தாழப் பாதிதான் ஒரே தட்டில் உள்ளே போகின்றன. இருபதடியில் அது ஏழில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. உலகின் மிகச் சிறந்தவர்களே இரண்டில் ஒன்றைத் தவறவிடும் தூரத்தில் நமது பந்து போகவில்லை என்பதற்காக அடுத்த டீயில் (அடுத்த ஹோலின் தொடக்க இடத்தில்), தொலைதூரம் அடிக்கும் மட்டையான டிரைவரைக் கோபத்தோடு சுழற்றுவது, நடக்காத ஒரு தவறுக்காகத் தண்டனையை நாமே விதித்துக்கொள்வது.

சூழல் மாறியதைத் திறமை மாறியதாக எண்ணுவதும் இதே வகைதான். கொடைக்கானல் மைதானம் கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், சென்னையில் 150 யார்டு போகும் ஷாட் ஏறத்தாழ 10 யார்டு கூடுதலாகப் பறக்கும், அதாவது ஒரு கிளப் (மட்டை) வித்தியாசம். கோடை விடுமுறையில் அங்கே ஆடிவிட்டுச் சமவெளிக்குத் திரும்புகிறவருக்கு, தன் கையிலிருந்து தூரம் பறிபோனதுபோலத் தோன்றும். மழைக்காலத்தில் ஃபேர்வே (டீக்கும் குழிக்கும் இடையே உள்ள வெட்டிய புல்வெளி) ஈரமாக இருந்தால், விழுந்த பந்து உருளாமல் அங்கேயே நின்றுவிடும். ஸ்கோர் கார்டின் ஓரத்தில் காற்று, ஈரம், குழியைச் சுற்றிய வழுவழுப்பான புல்தளமான கிரீனின் வேகம் ஆகியவற்றைச் சுருக்கமாகக் குறித்துவைத்தால், எந்தச் சரிவு நம்முடையது, எந்தச் சரிவு வானிலையுடையது என்பது சில வாரங்களிலேயே பிரிந்து தெரியும்.

அதிகச் சேதம் விளைவிக்கும் தவறு இனிமேல்தான் வருகிறது. ஆட்டம் சரியில்லை என்றதும் ஸ்விங்கையே, அதாவது கிளப்பைச் சுழற்றும் முறையையே, பிரித்துப்போட்டுப் புதிதாகக் கட்ட முனைவதைத்தான் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் இயன் பேக்கர்-ஃபிஞ்ச் 1991-இல் ராயல் பர்க்டேல் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்றவர். பிறகு கூடுதல் தூரத்துக்காக ஸ்விங்கை மாற்றத் தொடங்கினார். பந்து கட்டுப்பாட்டை மீறிப் போகப் போக மேலும் மாற்றினார். 1995-இல் செயின்ட் ஆண்ட்ரூஸின் முதல் டீயிலிருந்து, உலகிலேயே மிக அகலமான ஃபேர்வேக்களுள் ஒன்றில், பந்தை இடப்புற எல்லைக்கு வெளியே அடித்தார். 1997-இல் ராயல் ட்ரூனில் நடந்த ஓப்பனின் முதல் சுற்றில் 92 எடுத்துவிட்டுப் போட்டியிலிருந்து விலகினார். பெரிய போட்டிகளில் அவருடைய வாழ்க்கை அத்துடன் ஏறக்குறைய முடிந்தது. தன்னம்பிக்கை குலைந்ததும் அந்தச் சரிவில் பெரும்பங்கு வகித்தது என்பது உண்மை. ஆனாலும் உலகப் பட்டம் வென்ற ஒருவருக்கே, முழுநேரமும் பயிற்சி செய்யும் வசதியோடும், ஸ்விங்கை மாற்றுவது இவ்வளவு ஆபத்தாக முடிந்தது என்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஆடுகிறவர் கைப்பேசியில் மூன்று காணொளிகளைப் பார்த்துவிட்டு மூன்று மாற்றங்களை ஒரே காலையில் முயல்வதை என்னவென்று சொல்வது?

ஸ்விங்கைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை எளியவை: கிளப்பைப் பிடிக்கும் முறை, உடல் குறிபார்க்கும் திசை, கால்களுக்கு நடுவே பந்து இருக்கும் இடம். இவை நமக்குத் தெரியாமலே வாரத்துக்கு வாரம் சற்றுச் சற்றாக நகர்ந்துவிடுகின்றன. வலது கைக்காரரின் ஸ்லைஸை எடுத்துக்கொள்வோம். கிளப் செல்லும் பாதையோடு ஒப்பிடும்போது கிளப்பின் முகம் வலப்புறம் திறந்திருப்பதால்தான் பந்து வலப்புறம் வளைகிறது. எரிச்சலடைந்தவர் இதற்குப் பரிகாரமாக உடலை மேலும் இடப்புறம் திருப்பி நிற்கிறார். அதனால் கிளப்பின் பாதை இன்னும் இடப்புறமாகச் சாய்கிறது, முகத்துக்கும் பாதைக்கும் இடையிலான கோணம் கூடுகிறது, ஸ்லைஸ் பெரிதாகிறது. தரையில் ஒரு கிளப்பை இலக்கை நோக்கிக் கிடத்தி, கால்களும் தோள்களும் அதற்கு இணையாக இருக்கின்றனவா என்று பார்த்தாலே, இந்தச் சுழலிலிருந்து பலர் வெளியே வந்துவிட முடியும். அதற்கும் அடங்கவில்லை என்றால் பயிற்சியாளர் ஒருவரிடம் போகலாம். அப்போதும் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் கேட்டு வாங்கி, அது படியும்வரை சில வாரங்கள் ஸ்கோரைப் பற்றி நினைக்காமல் ஆடுவதே முறை.

சுற்றின் நடுவே சக ஆட்டக்காரரிடம் யோசனை கேட்பதும் கெடுதலே. “தலையைத் தூக்கிவிடுகிறீர்கள்” என்று ஒருவரும், “தோளைத் திருப்பவே இல்லையே” என்று இன்னொருவரும் நல்லெண்ணத்தோடு சொல்வார்கள். ஒன்பதாவது ஹோலை அடைவதற்குள் மனத்தில் நான்கு கட்டளைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருக்கும். போட்டியாக இருந்தால் இது விதிமீறலும் ஆகும். எப்படி ஆடுவது என்று எதிரணியினரிடமோ உடன் ஆடுபவரிடமோ கேட்பதும் அவர்களுக்குச் சொல்வதும், மொத்த ஸ்ட்ரோக்குகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளே ஆட்டத்தில் 2 ஸ்ட்ரோக் தண்டனைக்கு உரியவை. கேட்பதற்கு அனுமதிக்கப்பட்டவர், நம் பையைச் சுமந்து உதவும் கேடிதான். நம் நாட்டு மைதானங்களில் கேடிகள் அந்தக் கிரீன்களின் சரிவை ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகியவர்கள். நம் ஆட்டத்தையும் நம்மைவிட நிதானமாகக் கவனித்தவர்கள். இருந்தும் ஆட்டம் கெட்ட நாளில் முதல் வசவு அவர்கள்மீதுதான் விழுகிறது. பந்து போன இடத்தைக் காட்டவில்லை, தவறான கிளப்பைக் கொடுத்தாய், தவறான கோட்டைச் சொன்னாய் என்று, அன்றைய கூலிக்காகப் பை சுமப்பவர்மீது எரிந்து விழுவது எந்த ஸ்கோரைக் கொண்டும் மன்னிக்க முடியாத செயல். அதில் ஆட்டத்துக்கும் நட்டம் உண்டு: திட்டு வாங்கிய கேடி அதற்குப் பிறகு வாய் திறக்க மாட்டார்.

கோபத்தைப் பற்றிப் பேசும்போது பாபி ஜோன்ஸை நினைக்காமல் இருக்க முடியாது. வாழ்நாள் முழுவதும் அமெச்சூராகவே ஆடியவர் அவர். 1921-இல், 19 வயதில், செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த ஓப்பனின் மூன்றாம் சுற்றில் ஆட்டம் கெட்டதைத் தாங்க மாட்டாமல் பதினோராவது ஹோலில் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போட்டியை விட்டுவிட்டார். அதற்காகப் பிற்காலத்தில் அவர் மிகவும் வருந்தினார். அதே மைதானத்தில் 1927-இல் ஓப்பனை வென்றார். 1930-இல் ஒரே ஆண்டில் அமெரிக்க, பிரிட்டிஷ் ஓப்பன் பட்டங்களையும் இரு நாடுகளின் அமெச்சூர் பட்டங்களையும் சேர்த்து வென்றார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் அடக்கக் கற்றுக்கொண்டது முதன்மையாகத் தன் கோபத்தைத்தான். கோபம் ஏறும்போது கைப்பிடி இறுகுகிறது, முன்கைத் தசைகள் விறைக்கின்றன, ஸ்விங்கின் தாளம் விரைவுபடுகிறது. கெட்ட ஷாட்டை அடுத்து இன்னொரு கெட்ட ஷாட் வருவது இதனால்தான். கிளப்பை மரத்தில் அடித்து உடைப்பவருக்கு விதியும் கைகொடுக்காது. 2023-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, சுற்றின் நடுவே சேதமான கிளப்பை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஆட்டக்காரர் தானே முறைகேடாக நடத்திச் சேதப்படுத்தியிருந்தால் அந்த அனுமதி இல்லை.

பாதிச் சுற்றில் மனம் விட்டுவிடுகிறவர்களுக்கு ஸ்டேபிள்ஃபோர்டு முறையைப் பரிந்துரைப்பேன். ஓரிரு மோசமான ஹோல்களோடு முழுச் சுற்றும் பாழாகி ஆட்டக்காரர்கள் சோர்ந்துபோவதைப் பார்த்த மருத்துவர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு உருவாக்கிய முறை இது. 1932-இல் இங்கிலாந்தின் வாலசி கோல்ஃப் கிளப்பில் இந்த முறையில் போட்டி நடந்தது. ஒவ்வொரு ஹோலுக்கும் புள்ளிகள். மிக மோசமான ஹோலுக்குச் சுழியம், அதற்குக் கீழே இறங்காது. அடுத்த டீயில் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. ஃபார்ம் இல்லாத மாதங்களில் நண்பர்களோடு ஆடும் ஆட்டத்தை இப்படி மாற்றிக்கொள்வதில் எந்தத் தாழ்வும் இல்லை.

பயிற்சித் திடலில் நடக்கும் தவறு, கோபத்தோடு போய் டிரைவரை மட்டும் எடுத்து நூறு பந்துகளை விடாமல் அடிப்பது. இருபதாவது பந்துக்குப் பிறகு வரும் சீர்மை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் தற்காலிகச் சீர்மை. மைதானத்தில் ஒரே ஷாட்டை இரண்டு முறை ஆடும் வாய்ப்பு நமக்குக் கிடைப்பதில்லை. செயற்கைப் புல்விரிப்பு வேறு நம்மை ஏமாற்றும்: பந்துக்குப் பின்னால் தரையில் பட்ட கிளப் அங்கே வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை நன்றாகவே அடிக்கும், அதே ஷாட் ஃபேர்வேயில் மண்ணைப் பெயர்த்துக்கொண்டு பத்தடியில் விழும். ஒவ்வொரு பந்துக்கும் கிளப்பையும் இலக்கையும் மாற்றி முப்பது பந்துகள் அடிப்பது மேல். மிச்ச நேரத்தைப் புட்டிங்குக்கும் கிரீனைச் சுற்றிய சிறு ஷாட்டுகளுக்கும் கொடுக்கலாம்.

புதிய டிரைவர் வாங்கித் தீர்வு தேடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தலைப்பகுதியின் அளவு 460 கன சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. முகத்தின் துள்ளலுக்கும் விதியில் வரம்பு உண்டு. அந்த வரம்பை எட்டாத நல்ல டிரைவர் இன்று கடையில் அரிது. உங்களுடையது பத்து ஆண்டுகளுக்கு உட்பட்டதும் உங்கள் உடல்வாகுக்குப் பொருந்தியதும் ஆனால், குறை அதில் இருக்க வாய்ப்பு குறைவு.

கடைசியாக, எல்லாவற்றையும் மனத்தின்மீது சுமத்துவதும் தவறுதான். ஃபார்ம் போனது போலத் தோன்றும் பல நேரங்களில் காரணம் உடலில் இருக்கிறது: இடுப்பின் இறுக்கம், முழங்கையின் மெல்லிய வலி, வெயிலில் போதிய நீர் குடிக்காத களைப்பு. நாற்பதைக் கடந்தவர்கள் தங்கள் மூக்குக் கண்ணாடியையும் கவனிக்க வேண்டும். படிப்பதற்கும் தூரம் பார்ப்பதற்கும் சேர்த்துச் செய்யப்படும் புரோகிரசிவ் கண்ணாடியின் கீழ்ப்பகுதி கையருகே உள்ளதைக் காட்டுவதற்கானது. அதன் வழியாகத் தரையில் உள்ள பந்தைக் குனிந்து பார்த்தால் அது மங்கலாகவும் இடம் மாறியும் தெரியும். தெளிவாகப் பார்க்கத் தலையைக் குனிக்கிறோம், அதோடு முதுகும் தோளும் நிலை மாறுகின்றன, பந்தின் நடுவில் கிளப் படுவது நின்றுவிடுகிறது. புதிய கண்ணாடி போட்ட மாதத்திலிருந்து ஆட்டம் கெட்டிருந்தால், கண் மருத்துவரிடம் சொல்லித் தூரப்பார்வைக்கு மட்டுமான ஒரு தனிக் கண்ணாடியைக் கோல்ஃபுக்கென்று செய்துகொள்வது நல்லது.