தொண்டு நிறுவனத்தில் பணியாற்றிய எழுத்தாளரின் வாழ்க்கையை எழுதும் முறை

கதையும் கவிதையும் எழுதிக்கொண்டே தொண்டு நிறுவனத்தில் சம்பளத்துக்கு உழைத்த ஒருவரின் வாழ்க்கையை எழுதப் புகுவோர், முதலில் ஆண்டுவரிசையில் ஓர் அட்டவணை அமைக்க வேண்டும். ஒரு நிரலில் அவர் வெளியிட்டவற்றையும், அடுத்ததில் அவ்வாண்டு அவர் எந்த மாவட்டத்தில் என்ன பணியில் இருந்தார் என்பதையும் குறியுங்கள். நூல் வராத ஆண்டுகளை எழுதாத ஆண்டுகளென்று கொள்ளாதீர்கள். மூத்த எழுத்தாளர் ஒருவரைப் பற்றி எழுதியபோது நானும் அப்படித்தான் எண்ணினேன். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அவர் எழுதிய பயிற்சிக் கையேடுகளும் கள அறிக்கைகளும் பெயரின்றி அச்சானவை என்பதையும், அவருடைய பிற்காலக் கதைகளின் இறுகிய நடை அவற்றில்தான் உருவானது என்பதையும் பின்னரே கண்டேன்.

இலங்கை எழுத்தாளரானால், தேடலைக் கொழும்பின் வெள்ளவத்தையில், 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தில் ஆரம்பிக்கலாம். வீரகேசரி, தினகரன் ஆகிய நாளிதழ்களின் பழைய இதழ்களுக்குக் கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குச் செல்லுங்கள். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணையத்தளத்தில் சிறுசஞ்சிகைகளோடு நினைவுமலர்களும் கிடைக்கும்; பிறந்த ஊர், உறவுமுறை, படித்த பாடசாலை ஆகியவற்றுக்கு ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் குடும்பத்தார் வெளியிடும் மலரைப் போல உதவுவது வேறில்லை.

பெயரில்லாத அறிக்கையை நடையை மட்டும் வைத்து அவருடையதென்று முடிவு செய்யக் கூடாது. உடன் பணியாற்றிய இருவரையாவது தனித்தனியே கேளுங்கள். வீட்டில் கையெழுத்துப் படி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். உதவி வழங்குவோருக்காக ஆங்கிலத்தில் சென்ற பிரதி, தலைமை அலுவலகத்தில் பலர் கைபட்டுச் சுருங்கியிருக்கக்கூடும் என்பதால், தமிழ் மூலம் கிடைத்தால் இரண்டையும் வரிவரியாக ஒப்பிடுங்கள். எதை விடச் சொன்னார்கள், அதில் எது பின்னர் கதையாயிற்று என்பதை அங்கே காணலாம். வாழ்க்கை வரலாற்றின் உயிரான பகுதி அதுவே என்பது என் உறுதியான எண்ணம்.

களக்குறிப்பேடுகளைக் கையாளும்போது மிகுந்த கவனம் வேண்டும். அவற்றில் தம் இழப்பைச் சொன்னவர்கள் ஓர் உதவிப் பணியாளரை நம்பிச் சொன்னார்களே தவிர, நூலில் இடம்பெறுவதற்காக அல்ல. பெயரை மாற்றினாலும் ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவை ஆளைக் காட்டிக்கொடுக்கும். உரியவரை நேரில் கண்டு, எழுதியதை வாசித்துக் காட்டி, சம்மதம் பெறுங்கள். அவர் மறுத்தால் அப்பகுதி எவ்வளவு சிறப்பாக அமைந்திருந்தாலும் நீக்கிவிடுங்கள்.