செலியாக் நோயோடு கொழும்பில் நற்கருணை

கோதுமை போன்ற தானியங்களிலுள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் புண்படுத்தும் நோய்தான் செலியாக். விடுமுறைக்குக் கொழும்பு வரும் செலியாக் நோயாளர்கள் சாப்பாட்டைப் பற்றி நிறைய யோசித்துத்தான் வருகிறார்கள். ஞாயிறு பூசைதான் நினைவிலிருந்து தப்பிவிடும். நற்கருணை அப்பம் வெறும் கோதுமை மாவும் தண்ணீரும் சேர்த்துச் சுட்டது. கால் கிராம் எடையுள்ள அப்பத்தில் சுமார் 20 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். செலியாக் உள்ளவர்களில் பெரும்பாலானோர் ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குள் நிற்பதே பாதுகாப்பு என்பது மருத்துவர்களின் பொதுவான கணக்கு. ஆகவே, "ஒரு சின்னத் துண்டுதானே பிள்ளை, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று மாமி அன்போடு சொன்னாலும் வாங்காதீர்கள். வயிறு அன்றைக்குப் பேசாமல் இருந்தாலும் குடல் உள்ளே புண்படும்.

கத்தோலிக்கர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: அரிசி மாவில் செய்த, குளூட்டன் அறவே இல்லாத அப்பம் பூசைக்குச் செல்லாது. குளூட்டன் குறைந்த கோதுமை அப்பம் செல்லும். 2003இலும் 2017இலும் வத்திக்கான் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறது. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், கிளைட் என்ற ஊரிலுள்ள பெனடிக்ட் சபைச் சகோதரிகள் செய்யும் அப்பத்தில் குளூட்டன் 0.01 சதவீதமோ அதற்கும் குறைவோதான். கால் கிராமுக்கு 0.03 மில்லிகிராம்கூட வராது. உங்கள் மருத்துவர் சரி என்றால், இப்படிப்பட்ட அப்பத்தை நீங்கள் இருக்கும் நாட்டிலேயே வாங்கி வாருங்கள். கொழும்பில் போய்த் தேடலாம் என்று இருக்காதீர்கள். கடற்கரைக் காற்றில் அப்பம் சீக்கிரம் நமத்துவிடும். காற்றுப் புகாமல் மூடி வையுங்கள்.

பூசை தொடங்கக் கால் மணி நேரமாவது முன்னதாகப் போய் ஃபாதரைப் பாருங்கள். "அலர்ஜி" என்று மட்டும் சொன்னால் உடம்பில் தடிப்பு வரும் விஷயம் என்று எடுத்துக்கொள்வார்கள். "ஃபாதர், கோதுமை துளி பட்டாலும் குடல் பழுதாகும் நோய் எனக்கு" என்று சொல்லுங்கள், உடனே விளங்கும். அப்பத்தைச் சிறு சிமிழில் போட்டு மூடிக் கொடுத்து, பீடத்தில் மற்ற அப்பப் பாத்திரத்தோடு சேராமல் வைக்கக் கேளுங்கள். கொடுக்கும்போது, நூறு அப்பங்களைத் தொட்ட விரலால் எடுக்காமல், சிமிழை உங்கள் உள்ளங்கையில் சாய்த்துவிடச் சொல்லுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அப்பமே வேண்டாம் என்பவர்கள் திராட்சை இரசம் மட்டும் வாங்கலாம். எந்த ஒரு வடிவத்திலும் கிறிஸ்து முழுமையாகவே இருக்கிறார் என்பது திருச்சபையின் போதனை. அதனால் பாதி நற்கருணை என்று எதுவும் கிடையாது. ஆனால் இங்கேதான் பலருக்குத் தெரியாத ஆபத்து. "உலகின் பாவங்களைப் போக்கும்" என்று சபை பாடும் நேரத்தில் பீடத்தைக் கவனியுங்கள். ஃபாதர் பெரிய அப்பத்தைப் பிட்டு, ஒரு சிறு துணுக்கைக் கிண்ணத்து இரசத்துக்குள் போடுவார். அந்தக் கிண்ணம் அதோடு உங்களுக்கு ஆகாது. உங்களுக்கென்று வேறொரு சிறு கிண்ணத்தில் இரசம் ஊற்றி, அதையும் சேர்த்து அர்ச்சிக்க வேண்டும். கொழும்பு ஆலயங்களில் பெரும்பாலும் மக்களுக்கு அப்பம் மட்டுமே கொடுப்பார்கள் என்பதால், நீங்கள் கேட்காமல் இது நடக்காது.

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை போகாமல் எப்படி வருவது என்று வீட்டார் கேட்பார்கள். போங்கள், மெழுகுதிரி கொளுத்துங்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஃபாதரோடு நின்று பேசுவது கடினம். நற்கருணைக்கு உறவினர்களின் பங்குக் கோயிலில் ஒரு வாரநாள் பூசையைத் தேர்ந்தெடுங்கள்.

மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளில் திருவிருந்துக்குப் போகிறவர்கள் போதகரிடம் முதல்நாளே பேசுங்கள். ஆளுக்கொரு சின்னக் கப்பில் கொடுக்கும் இடம் என்றால் நல்லது. பாணைப் பிட்டு ஒரே கிண்ணத்தில் தோய்க்கும் வழக்கம் இருந்தால் அந்தக் கிண்ணத்தைத் தொடவே வேண்டாம். பொதுக் கிண்ணத்தில் வாய் வைத்துக் குடிக்கும் சபையில் முதல் ஆளாகப் போக அனுமதி கேளுங்கள்.

அப்புறம், பூசை முடிந்ததும் யாராவது கட்டாயம் சாப்பிடக் கூப்பிடுவார்கள். இடியப்பம், பிட்டு என்றதும் அரிசிதானே என்று இருந்துவிடாதீர்கள். கொழும்பில் இரண்டையும் கோதுமை மாவில் செய்வது சாதாரணம். எந்த மா என்று அவித்தவரிடமே கேளுங்கள்.