நடுக்கோட்டுக்குத் திரும்பும் கால்: வீட்டுப் பையனை ரைடராக வளர்ப்பது எப்படி

பாலக்கோட்டை ஒட்டிய எங்கள் ஊரில் பொங்கல் முடிந்த கையோடு மின்னொளி கபடிப் போட்டி நடக்கும். தம்பிக்கு அப்போது பதின்மூன்று வயது. ஆள் குறைந்ததால் பெரியவர்கள் அணியில் அவனை இறக்கிவிட்டார்கள். அவன் ஒருவரைத் தொட்டதும் ஊரே கைதட்டியது. நான் தொட்ட கையைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தேன். இடது முன்பாதத்தை ஊன்றினான், இடுப்பு திரும்பியது, மூன்றே எட்டில் நடுக்கோட்டுக்கு வந்துவிட்டான். அன்றிரவே அம்மாவிடம் சொன்னேன்: இவனை ஆட விட வேண்டும்.

நானும் பன்னிரண்டாம் வகுப்பு வரை பாடிப்போனவள்தான். இன்று தம்பி பல்கலைக்கழக அணியின் முதன்மை ரைடர், அதாவது எதிரணிக்குள் பாடிப்போய்த் தொட்டுவிட்டுத் திரும்புகிறவன். அவனைப் பார்த்துவிட்டு, மாரண்டஹள்ளியிலிருந்தும் காரிமங்கலத்திலிருந்தும்கூட என் தையல் கடைக்கு அம்மாக்களும் அண்ணன்மார்களும் வருகிறார்கள். "எங்கள் பையனும் நன்றாக ஆடுகிறான், அடுத்து என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காலைச் சோதியுங்கள்

ஓட்டப்பந்தயத்தில் முதலில் வருகிறவன் எல்லாம் ரைடர் ஆகிவிட மாட்டான். பெரிய ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். எதிரணியின் பாதி ஆறரை மீட்டர்தான். அதற்குள் ஏழு பேர் நிற்கிறார்கள். அங்கே நேராக ஓட இடம் எது? நின்று, திரும்பி, மறுபடியும் வேகமெடுக்கும் கால்தான் வேண்டும்.

வாசலில் ஒரு கோடு போடுங்கள். நான்கு மீட்டர் தள்ளி ஒரு செங்கல் வையுங்கள். ஓடிப்போய்ச் செங்கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்பச் சொல்லுங்கள், பத்து முறை. முதல் முறை யாரும் நன்றாகத்தான் திரும்புவார்கள். எட்டாவது முறையைப் பாருங்கள். மூச்சு வாங்கும்போதும் குனிந்த உடம்போடு, அகலமாகக் கால் ஊன்றித் திரும்புகிறானா? இடது பக்கம் திரும்பும் அளவுக்கு வலது பக்கமும் திரும்புகிறானா? இரண்டும் இருந்தால் அவனுக்காக நீங்கள் மெனக்கெடலாம். ஒரு பக்கம் மட்டும் வந்தால் கவலை வேண்டாம், அது பழக்கத்தில் வந்துவிடும்.

களத்தை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்

கேழ்வரகு அடித்து முடித்த களத்தில்தான் தம்பிக்குக் கோடு போட்டேன், அடுப்புச் சாம்பலால். என் தையல் டேப் ஒன்றரை மீட்டர். நடுக்கோட்டிலிருந்து இரண்டரை டேப் வைத்தால் 3.75 மீட்டர், அதுதான் பால்க் கோடு. அதிலிருந்து இன்னும் ஒரு மீட்டர் போனால் போனஸ் கோடு. யாரையும் தொடாவிட்டாலும் பால்க் கோட்டைத் தாண்டித்தான் திரும்ப வேண்டும், இல்லையென்றால் அவுட். எதிரணியில் ஆறு பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் போனஸ் புள்ளி கிடைக்கும். ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டி ஊன்றியிருக்க, மற்றக் கால் அந்தரத்தில் இருக்க வேண்டும். இதை வாயால் நூறு முறை சொன்னாலும் பையனுக்குப் பிடிபடாது. சாம்பல் கோட்டில் கால் பட்டுக் கோடு அழியும்போதுதான் பிடிபடும்.

ஒரு ரைடு 30 நொடி. அலைபேசியில் நேரம் வைத்துவிட்டு, இருபதாவது நொடியில் நான் கைதட்டுவேன். கைதட்டல் கேட்டதும் முடிவெடுத்துவிட வேண்டும்: தொடுவதா, திரும்புவதா. ஆறு மாதத்தில் கைதட்டல் தேவைப்படவில்லை, எண்ணிக்கை உடம்புக்குள் போய்விட்டது. அணியின் அடுத்தடுத்த இரண்டு ரைடு வெறுமையாகப் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், எடுக்காவிட்டால் ரைடரே அவுட். எண்ணிக்கை கைவந்தவனுக்கு அந்த மூன்றாவது ரைடில் பதற்றம் வராது.

பாடும் சத்தமும் முக்கியம். "கபடி கபடி" என்பது விடாமல், நடுவருக்குக் கேட்கும்படி வர வேண்டும். களத்தில் தம்பி பாடுவது அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்குக் கேட்டால்தான் அந்த ரைடு கணக்கு என்று வைத்திருந்தோம். அம்மா உள்ளிருந்தே "கேட்கவில்லை" என்பார். அவன் மறுபடியும் போவான்.

உத்திகளில் ஒன்றே ஒன்றை முதலில் எடுங்கள். பர்தீப் நர்வால் என்றால் 'டுப்கி': கைகோத்து நிற்பவர்களுக்கு அடியில் புகுந்து நடுக்கோட்டுக்கு வந்துவிடுவார். 2017 புரோ கபடி லீக் சீசனில் மட்டும் ரைடில் 369 புள்ளிகள் எடுத்தார். அஜய் தாக்கூர் என்றால் தவளைத் தாவல். 2016 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் முற்பாதியில் ஈரான்தான் முன்னிலையில் இருந்தது. அவர் 12 ரைடு புள்ளிகள் எடுத்துக் கொடுக்க, இந்தியா 38-29 என்று வென்றது. பையன்கள் இதையெல்லாம் பார்த்துவிட்டு முதல் நாளே தாவப் பார்ப்பார்கள். தாவல் பிறகு வரட்டும். கால் நுனியால் தொடுவதை ஓராண்டு செய்யட்டும். காலை நீட்டும்போது உடம்பின் பாரம் பின்னங்காலில் இருக்கும், அதனால் திரும்புவதற்கு அவன் எப்போதும் தயாராக இருப்பான்.

முழங்கால்

இதைப் படிக்கிற எல்லோரும் இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

எனக்குப் பதினேழு வயதில் ஒரு காலிறுதி ஆட்டத்தில் முழங்கால் முறுக்கிக்கொண்டது. 'டப்' என்று உள்ளே ஒரு சத்தம் கேட்டது. வீங்கிய காலில் துணியைச் சுற்றிக்கொண்டு அரையிறுதியும் ஆடினேன். யாரும் தடுக்கவில்லை, நானும் கேட்டிருக்க மாட்டேன். இன்று தையல் மிஷினை மிதிக்கும்போது அந்தக் காலைத் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கினால், அது முழங்காலின் உள்தசைநார் கிழிந்ததாக இருக்கலாம். அன்றைய ஆட்டம் அதோடு முடிந்தது என்று வையுங்கள். உருவிவிட வேண்டாம், எண்ணெய் கட்ட வேண்டாம். துணியில் ஐஸ் சுற்றி வைத்து, காலை உயர்த்தி வைத்து, எலும்பு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ரைடர் பவன் செஹ்ராவத்தைத் தமிழ் தலைவாஸ் அணி 2022 புரோ கபடி ஏலத்தில் 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டது, அந்த சீசன் முழுக்க உட்கார வைத்தார்கள். அத்தனை கோடி கொடுத்தவர்களே காத்திருக்கிறார்கள் என்றால், நம் வீட்டுப் பையன் ஒரு கோப்பைக்காக ஏன் அவசரப்பட வேண்டும்?

மண் களத்திலிருந்து 'மேட்' என்னும் விரிப்புக் களத்துக்கு மாறும்போது ஆபத்து கூடும். மண்ணில் கால் கொஞ்சம் வழுக்கிக்கொடுக்கும். மேட் விரிப்பில் ஷூ பிடித்துக்கொள்ளும், உடம்பு மட்டும் திரும்பும், முறுக்கல் முழங்காலுக்குப் போகும். ஆகவே மேட் விரிப்பில் முதல் ஒரு மாதம் பாதி வேகம் போதும். தொடையின் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் வாரத்தில் மூன்று நாள் பயிற்சி வேண்டும். ஒற்றைக்காலில் மெதுவாக உட்கார்ந்து எழுவதிலிருந்து தொடங்குங்கள்.

சாப்பாட்டுக்கு நம் ஊரில் குறையே இல்லை. களி, கொள்ளு, வேர்க்கடலை, முட்டை போதும். எடைப் பிரிவுக்காகப் பட்டினி போட்டு, தண்ணீர் நிறுத்தி அனுப்பாதீர்கள். எடை நான்கு வாரத்தில் மெதுவாகக் குறைய வேண்டும்.

ஊர்ப் போட்டியும் காகிதமும்

சித்திரை, வைகாசியில் வாரத்துக்கு மூன்று இரவு ஆடக் கூப்பிடுவார்கள். பணமும் தருவார்கள். கூட்டத்துக்கு நடுவே ஆடும் தைரியம் அங்கேதான் வரும், அதனால் முழுக்கத் தடுக்க வேண்டாம். எங்கள் வீட்டில் மாதம் இரண்டு என்று வைத்திருக்கிறோம். ஒருமுறை அதை மீறினான். விடிய விடிய ஆடிவிட்டு, தூங்காமல் பல்கலைக்கழக அணித் தேர்வுக்குப் போனான். கால் திரும்பவில்லை, முதல் ரைடிலேயே பிடித்துவிட்டார்கள். ஓராண்டு போனது. நான் திட்டவில்லை, அவனே அடுத்த நாள் விடியலில் செங்கல்லை எடுத்து வைத்தான்.

ஊர்க் கோப்பை அலமாரிக்கு அழகு, ஆனால் வேலைக்கும் கல்லூரி இடத்துக்கும் கணக்கில் வராது. கணக்கில் வருவது வேறு வரிசை: பள்ளியில் குறுவட்டம், மாவட்டம், மாநிலம், தேசியம், கல்லூரியில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, பல்கலைக்கழக அணி, தென்மண்டலம், அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு இந்த வரிசைச் சான்றுதான் பேசும். சான்றிதழை வாங்கிய அன்றே பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி மூன்றையும் ஆதாரோடு ஒப்பிடுங்கள். தம்பியின் சான்றிதழ் ஒன்றில் முதலெழுத்து மாறிப்போய், அதைத் திருத்த நான்கு முறை பஸ் ஏறினேன். அசலை லேமினேட் செய்யாதீர்கள், பின்பக்கத்தில் கையொப்பமும் முத்திரையும் வாங்க வேண்டி வரலாம்.

கல்லூரி

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் உள்ள கலைக் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. எந்தக் கல்லூரியில் சேர்த்தாலும் உடற்கல்வி இயக்குநரை நேரில் பார்த்து மூன்று கேள்வி கேளுங்கள். மேட் இருக்கிறதா, வாரத்தில் எத்தனை நாள் விரிப்பீர்கள்? போட்டி நாட்களுக்கு வருகைப்பதிவு கிடைக்குமா? அடிபட்டால் யார் பார்ப்பார்கள்? இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் நாங்கள் சேர்க்கவில்லை. நல்ல ரைடர்கள் வருகைப்பதிவு குறைந்து தேர்வு எழுத முடியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

கல்லூரியில் எதிரணி அவனைப் படிக்கத் தொடங்கும். பள்ளியில் புள்ளி குவித்த கால் நுனித் தொடலை அங்கே இரண்டே ஆட்டத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், கணுக்காலைப் பிடிக்கக் காத்திருப்பார்கள். இரண்டாவது உத்தி வேண்டியது இப்போதுதான். தம்பி கை தொடலைச் சேர்த்துக்கொண்டான். நான் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு ஆட்டத்தையும் அலைபேசியில் எடுப்பேன். பக்கவாட்டிலிருந்து எடுத்தால் ஓட்டம்தான் தெரியும். பின்னாலிருந்து எடுத்தால் அவன் திரும்பும் வழியை யார் அடைக்கிறார்கள் என்பது தெரியும். பயிற்சியாளர்களுக்கு அனுப்ப வேண்டி வந்தாலும் இதே காணொளி உதவும். அதில் அவன் பிடிபட்ட ரைடுகளையும் விட்டுவையுங்கள்.

புரோ கபடி லீக் ஆட்டம் எல்லோருக்கும் கனவுதான். தஞ்சாவூர் மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் 2016இல் பாட்னா அணித்தலைவராகக் கோப்பையைத் தூக்கினார், நாற்பதைத் தாண்டியும் களத்தில் நின்றார். அவர் பிடிப்பவர். அந்த வயது வரை ஆட உடம்பு எப்படிக் காப்பாற்றப்பட்டிருக்க வேண்டும் என்று தம்பியிடம் அடிக்கடி கேட்பேன்.

அணித் தேர்வுக்கு முந்தைய இரவு

பையில் இரண்டு சோடி காலுறை, ஷூ, முழங்கால் உறை, அசல் சான்றிதழ்கள், நகல்கள், நான்கு புகைப்படம், வேர்க்கடலை உருண்டை. உடம்பில் எண்ணெய் பூசக் கூடாது. நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், நடுவர் பார்ப்பார். தம்பிக்கு இன்னமும் நான்தான் வாசற்படியில் உட்கார்ந்து வெட்டிவிடுகிறேன். கையில் கட்டிய கோயில் கயிறையும் கழற்றியாக வேண்டும். அம்மாவுக்கு அது மனம் வராது. அதனால் கயிறை வாங்கி என் பர்ஸில் வைத்துக்கொண்டு, விடியற்காலை முதல் பஸ்ஸில் அவனோடு நானும் ஏறிவிடுவேன்.