பூக்காரம்மாவின் முழம்: கதாபாத்திரத்துக்கு உயிர் கொடுப்பது எப்படி?

முதல் கதை எழுதும்போது வயது, நிறம், புடவை, மூக்குத்தி என்று ஒரு பத்தி முழுக்க வர்ணித்துவிடுவோம். அப்படியும் ஆள் கண்முன் வந்து நிற்க மாட்டார். அவருக்கு என்ன வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யாததுதான் காரணம். கோயில் வாசலில் பூ விற்கும் லட்சுமி என்று ஒருத்தியை இப்போது உருவாக்கிப் பார்ப்போம்.

1. தேவையைக் கொடுங்கள். ‘நன்றாக வாழ வேண்டும்’ போன்ற பொத்தாம்பொதுவான ஆசை உதவாது. மகளின் கல்லூரிக் கட்டணம் 12,000 ரூபாய், வெள்ளிக்கிழமைக்குள் கட்டியாக வேண்டும். இப்போது லட்சுமிக்கு அவசரம் வந்துவிட்டது.

2. அந்தத் தேவையைக் கைவேலையில் காட்டுங்கள். எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. பூக்கடையில் ஸ்கேல் கிடையாது, விற்பவரின் கைதான் அளவு. இந்த வாரம் லட்சுமி விரல்களை லேசாக மடக்கி அளக்கிறாள். முழத்துக்கு இரண்டு விரற்கடை மிச்சம். ‘அவள் பணக்கஷ்டத்தில் இருந்தாள்’ என்று இனி எழுதவே வேண்டாம்.

3. அதற்கு முரணாக ஒன்று வையுங்கள். “அம்மனுக்குச் சாத்தணும்” என்று யாராவது கேட்டால் மட்டும் விரல்கள் தானாக நீள்கின்றன. நாலு கண்ணி கூடவே விட்டுக் கிள்ளுகிறாள். ஏமாற்றுக்காரி என்றும் சொல்ல முடியாமல், நல்லவள் என்றும் சொல்லிவிட முடியாமல் நாம் தடுமாறும்போதுதான் அவள் மனுஷியாகிறாள்.

4. ஏதாவது நடந்துகொண்டிருக்கும்போது அறிமுகப்படுத்துங்கள். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வ’னில் ஆழ்வார்க்கடியானை நினைத்துப் பாருங்கள். முன்குடுமியும் கைத்தடியுமாக, சிவனா திருமாலா என்ற வாக்குவாதத்தின் நடுவில்தான் கல்கி அவனைக் காட்டுகிறார். அவன் ஒற்றன் என்பது அப்புறம்தான் தெரிய வருகிறது. ஆனால் அந்தச் சண்டையிலேயே அவன் நம் மனதில் ஒட்டிக்கொள்கிறான்.

5. பேச்சை வாய்விட்டுப் படியுங்கள். பெயர்களை மறைத்துவிட்டுப் படித்தாலும் பேசுவது யார் என்று புரிய வேண்டும்.

சரி, இனி உங்கள் வேலை. வாடிக்கையாக வரும் அக்கா பூவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “என்ன லட்சுமி, முழம் சின்னதாயிருக்கே?” என்கிறார். லட்சுமி என்ன சொல்வாள்? அந்த நேரத்தில் அவள் கை என்ன செய்யும்? ஐந்தே வரிகளில் எழுதிப் பாருங்கள்.