இழை அறுத்து வடிவம் எடுப்பது எப்படி? கலபாரிப் பெண்களின் பெலெட்டே பிட்டே

நைஜீரியாவில், நைஜர் ஆற்றின் கழிமுகத்தில், புகுமா என்ற ஊரையும் அதைச் சுற்றியுள்ள தீவுகளையும் சொந்த மண்ணாகக் கொண்டவர்கள் கலபாரி மக்கள். மீன்பிடியும் கடல் வணிகமும் அவர்களுடைய பரம்பரைத் தொழில். தறி போட்டு நெய்யும் வழக்கம் அங்கே இல்லை. உடுத்தும் துணியெல்லாம் வணிகத்தில் வந்ததே. அவற்றுள் அவர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுவது, பல தலைமுறைகளாகச் சென்னையிலிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட பருத்தித் துணியை. அதை இன்ஜிரி என்கிறார்கள். குடும்பப் பெட்டிகளில் காத்து வைத்து, பெரியவர் ஒருவர் மறைந்தால் அந்தத் துணிகளைக் கொண்டே சாவுக் கட்டிலை அலங்கரிக்கிறார்கள்.

வந்த துணியை வந்தபடியே உடுத்துவதோடு கலபாரிப் பெண்கள் நின்றுவிடவில்லை. வெளிர் இழைகளை அறுத்து உருவி, நெய்தவர் நினைத்துப் பார்க்காத வடிவங்களை அதில் கொண்டுவந்தார்கள். அப்படிச் செய்த துணிதான் பெலெட்டே பிட்டே. பிறர் நெய்த துணியில் எதையும் சேர்க்காமல், நீக்கியே தங்கள் முத்திரையைப் பதித்திருக்கிறார்கள். இதைவிடத் துணிச்சலான கைவேலையை நான் அறியேன்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு வழி இதோ.

1. துணி. அச்சடித்த கட்டம் உதவாது. சாயமேற்றிய நூலால் நெய்த கட்டமாக இருக்க வேண்டும். துணியைத் திருப்பிப் பாருங்கள், இரண்டு பக்கமும் நிறம் ஒன்றாக இருந்தால் சரி. அடர்நீலம், கறுப்பு, சிவப்பு போன்ற நிறங்களுக்கு இடையே மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடும் கைத்தறித் துணி மிகப் பொருத்தம். பழக அரை மீட்டர் போதும்.

2. கருவிகள். மெல்லிய ஊசி, புதிய பிளேடு, நல்ல பகல் வெளிச்சம். அவ்வளவுதான்.

3. முதலில் உருவிப் பழகுங்கள். ஓரத்தில் ஒரு வெள்ளை இழையை ஊசிமுனையால் தூக்கி, துணியின் மறுகோடி வரை மெல்ல இழுத்து எடுங்கள். கலபாரியில் இதற்கென்றே ஃபிமாட்டே பிட்டே என்ற தனி வகை உண்டு. இழை எவ்வளவு இழுப்பைத் தாங்கும், எங்கே அறுந்துபோகும் என்பது இதில் விரலுக்குப் பிடிபட்டுவிடும்.

4. வடிவம். சதுரங்கப் பலகை போல ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் அறுப்பது எளிது. வரைகட்டத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

5. அறுப்பது. முழு வேலையும் இங்கேதான். தேர்ந்தெடுத்த கட்டத்தின் ஒரு விளிம்பில் வெள்ளை இழை ஒன்றின் அடியில் ஊசியை நுழைத்துச் சற்றே தூக்குங்கள். தூக்கிய இழையை மட்டும் பிளேடின் முனையால் தொடுங்கள், அழுத்தத் தேவையில்லை. அதே இழையை எதிர் விளிம்பிலும் அறுங்கள். இப்போது நடுவில் இருப்பது இருபுறமும் விடுபட்ட சிறு துண்டு; ஊசியால் நெம்பினால் வந்துவிடும். எடுத்த இடத்தில் கண்ணாடி போல் ஒரு சன்னமான இடைவெளி தெரியும். பக்கத்து வெள்ளை இழைக்குப் போங்கள்.

அறுபட்ட முனைகளைப் பிடித்து வைத்திருப்பது அடுத்த கட்டத்தின் நெசவு இறுக்கம்தான். அதனால் அறுத்த கட்டத்தை ஒட்டி அறுக்காத கட்டம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அடர்நிற இழையை எந்த நிலையிலும் அறுக்காதீர்கள். பாவு (நீளவாக்கில் ஓடும் இழை), ஊடை (குறுக்கே ஓடும் இழை) இரண்டிலும் எடுப்பதாக இருந்தால், பாவு இழைகளை முழுதாக முடித்துவிட்டு ஊடைக்கு வாருங்கள். ஒரே இடத்தில் இரண்டையும் அதிகமாக எடுத்தால் ஓட்டை விழும்.

அவசரம் இந்த வேலைக்கு ஆகாது. கண் களைத்தால் நிறுத்திவிடுங்கள்.

6. முடிப்பு. ஓரங்களை மடித்துத் தைத்துவிடுங்கள். கையால் மட்டும் துவையுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். கலபாரியில் ஆண்களும் பெண்களும் இதை இடுப்பில் சுற்றி உடுத்துகிறார்கள். பெண்கள் நீளமான ஒன்றின் மேல் குட்டையான இன்னொன்றையும் சுற்றுவது வழக்கம். துணியின் பின்னால் வேறு நிறம் இருந்தால்தான் இடைவெளிகள் எடுப்பாகத் தெரியும் என்பதால், நீங்கள் செய்ததையும் வேறொரு நிறத் துணியின் மேல் விரித்துப் பாருங்கள். கை பழகியபின் ஆமை வடிவத்தை முயலலாம்.