பிடிஓவுக்கு மேல் சில எளிய மெத்தட்கள்: பதிவுகளை எடுக்கும் வேலையை ஓரிடத்தில் வைப்பது

பிஎச்பி மொழியில் தரவுத்தளத்தைக் கையாள்வதற்கான பிடிஓ (PDO) லைப்ரரி பிஎச்பியின் 5.1 பதிப்பிலிருந்து மொழியோடு சேர்ந்தே வருகிறது. வினவலைப் பிரிப்பேர் (தயார்) செய்து, மதிப்புகளைக் கொடுத்து எக்ஸிக்யூட் செய்து (இயக்கி), பிறகு ஃபெட்ச் செய்து (பதிவுகளை எடுத்து) விடையைப் பெற வேண்டும். ஓர் உறுப்பினரின் பெயரை மட்டும் அறிய விரும்பினாலும் இந்த மூன்று படிகளையும் ஏறத்தான் வேண்டும். ஆகவே பலரும் இவற்றைச் சுருக்கிச் சில மெத்தட்களை (கிளாஸுக்குள் எழுதும் செயற்கூறுகளை) எழுதிக்கொள்கிறார்கள். ஆனால் தட்டச்சு மிச்சமாவது இதில் கிடைக்கும் சிறிய லாபமே. ‘இந்த வினவலுக்கு எத்தனை பதிவுகள் வர வேண்டும்’ என்ற எதிர்பார்ப்பை மெத்தட்டின் பெயரிலேயே எழுதி வைக்க முடிவதைத்தான் பெரிய லாபமாக நான் கருதுகிறேன்.

இதன் தேவையை நான் ஒரு பிழையின் வழியாகத்தான் உணர்ந்தேன். ஒரு நூலகத்துக்கு நான் எழுதிய நிரலில், உறுப்பினர் செலுத்த வேண்டிய அபராதத் தொகையை ஒரு புலத்தை மட்டும் எடுக்கும் ஃபெட்ச்காலம் (fetchColumn) மெத்தட்டைக் கொண்டு எடுத்திருந்தேன். பதிவு எதுவும் கிடைக்காதபோது அது ஃபால்ஸ் (பொய்) என்ற மதிப்பைத் தரும். அதை முழு எண்ணாக மாற்றினால் பிஎச்பி ஓசையின்றி 0 ஆக்கிவிடும். இல்லாத உறுப்பினர் எண்ணைத் தட்டினாலும் ‘நிலுவை 0 ரூபாய்’ என்று ரசீது அச்சாகியது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளத்தைப் பயன்படுத்துவோருக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். அங்கே பூலியன் (உண்மை அல்லது பொய்) புலமே ஃபால்ஸ் என்று வரக்கூடும் என்பதால், பதிவு இல்லையா அல்லது பதிவில் உள்ள மதிப்பே அதுதானா என்பதை அந்த மெத்தட்டை வைத்துப் பிரித்தறிய வழியில்லை.

முதலில், பிடிஓவை எக்ஸ்டெண்ட் செய்து நீட்டிப்பதா, அல்லது தனி கிளாஸ் ஒன்றுக்குள் அதை வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்ய வேண்டும். ஸ்டேட்மெண்ட் (பிரிப்பேர் செய்த வினவலைக் குறிக்கும் ஆப்ஜெக்ட்) கிளாஸை மாற்றிக் கொடுக்கும் வசதியும் பிடிஓவில் உண்டு. ஆனால் அந்த கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்டை உருவாக்கும் மெத்தட்) பப்ளிக்காக இருக்கக் கூடாது, நிலையான (persistent) இணைப்புகளோடும் அதைப் பயன்படுத்த முடியாது. பிஎச்பி 8.4 பதிப்பில் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனித்தனி துணை கிளாஸ்கள் வந்துவிட்டதால், பொதுவான பிடிஓவை நீட்டிப்பதைவிட அதை உள்ளே வைத்துக்கொள்வதே இன்று தொல்லையில்லாத வழி.

இந்த கிளாஸுக்குள் முதலில் எழுத வேண்டியது, வெளியே தெரியாத ஒரு பிரைவேட் மெத்தட். அது வினவலையும் மதிப்புகளின் அரேயையும் (வரிசையையும்) பெற்று, இயக்கி முடித்த ஸ்டேட்மெண்டைத் திருப்பித் தரும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. எக்ஸிக்யூட்டுக்கு நேரடியாக அரேயைக் கொடுத்தால், பிடிஓ அதில் உள்ள எல்லாவற்றையும் சரமாகவே கருதும். மைஎஸ்க்யூஎல்லில் எமுலேஷன் (பிரிப்பேரைத் தரவுத்தளத்துக்குப் பதில் பிடிஓவே செய்வது) இயங்கும் நிலையில், பதிவுகளின் எண்ணிக்கையை வரையறுக்கும் லிமிட் என்ற இடத்துக்கு 10 என்று அனுப்பினால் அது மேற்கோள் குறிகளுக்குள் போய்ச் சேர்ந்து, வினவலே பிழையாகிவிடும். ஆகவே மதிப்பு முழு எண்ணா, பூலியனா, நல் (null) என்ற வெற்று மதிப்பா என்று பார்த்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய வகையோடு பைண்ட்வேல்யூ மூலம் இணைத்துவிடுங்கள். இதை ஓரிடத்தில் செய்துவிட்டால் மற்ற மெத்தட்கள் எல்லாம் சில வரிகளில் முடிந்துவிடும்.

பிஎச்பி அடையாளப் பெயர்களில் தமிழ் எழுத்துகளை ஏற்கும் என்பதால், இந்த கிளாஸின் ஆப்ஜெக்டை $தளம் என்ற மாறியில் வைத்தால் கீழே உள்ள வரிகள் அப்படியே இயங்கக்கூடியவை.

$தொகை = $தளம்->மதிப்பு($வினவல், [$உறுப்பினர்எண்]);
$உறுப்பினர் = $தளம்->பதிவு($வினவல், [$உறுப்பினர்எண்]);
$பெயர்கள் = $தளம்->புலம்($வினவல்);
$கிளைகள் = $தளம்->சோடி($வினவல்);

‘மதிப்பு’ என்ற மெத்தட் ஃபெட்ச்காலத்தைத் தொடவே கூடாது. பதிவை எண்வரிசை அரேயாக ஃபெட்ச் செய்யுங்கள். ஃபால்ஸ் வந்தால் பதிவு இல்லை என்று பொருள், உடனே எக்ஸெப்ஷனை (பிழை அறிவிப்பை) எறியுங்கள். அரே வந்தால், இன்னொரு முறை ஃபெட்ச் செய்து பாருங்கள். இரண்டாவது பதிவும் இருந்தால் வினவலின் நிபந்தனை தவறு என்பதால் அங்கும் எக்ஸெப்ஷன்தான். இரண்டையும் கடந்த பிறகே அரேயின் முதல் உறுப்பைத் திருப்பித் தர வேண்டும். அது வெற்று மதிப்பாக (null) இருந்தால் அப்படியே போகட்டும். ‘பதிவு’ மெத்தட்டும் இதே போன்றதுதான், முழு அரேயையும் தரும் என்பது மட்டுமே வேறுபாடு. பதிவு இல்லாமலிருப்பது இயல்பாகவே நேரக்கூடிய இடங்களுக்கு, ‘பதிவுஇருந்தால்’ என்று இன்னொன்றை எழுதி, அது மட்டும் வெற்று மதிப்பைத் (null) தரும்படி வைத்துக்கொள்ளலாம்.

‘புலம்’ மெத்தட்டுக்கு எல்லாப் பதிவுகளையும் எடுக்கும் ஃபெட்ச்ஆல் மெத்தட்டில், ஒரு புலத்தை மட்டும் தரும் காலம் (column) பாங்கே போதும். ‘சோடி’க்குக் கீபேர் (key pair) பாங்கு உதவும். அதற்கு வினவலில் சரியாக இரண்டு புலங்கள் இருக்க வேண்டும்; முதலாவது சாவியாகும், இரண்டாவது மதிப்பாகும். தேர்வுப் பட்டியல்களை நிரப்ப இதைவிட வசதியானது வேறில்லை. ஆனால் ஒரே சாவி இருமுறை வந்தால் பின்னால் வந்தது முன்னதை மேலெழுதிவிடும், எச்சரிக்கையும் வராது. கிளையின் பெயரைச் சாவியாக வைத்தால், ஒரே பெயருள்ள இரண்டு கிளைகளில் ஒன்று பட்டியலிலிருந்து மறைந்துபோகும். முதன்மைச் சாவியையே முதல் புலமாக எழுதுங்கள்.

பெரிய அட்டவணைகளை ஒவ்வொரு பதிவாகக் கடந்து செல்ல, ஜெனரேட்டர் (மதிப்புகளைக் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தருவது) கொண்டு ‘ஓட்டம்’ என்றொரு மெத்தட் எழுதலாம். மைஎஸ்க்யூஎல்லில் பஃபர் செய்யும் வழக்கமான நிலையில் விடை முழுவதும் முன்கூட்டியே நினைவகத்துக்கு வந்துவிடும் என்பதால், பஃபரை அணைக்காமல் ஜெனரேட்டரை மட்டும் எழுதுவதால் நினைவகம் பெரிதாக மிச்சமாகாது. அணைத்தாலோ, விடையை முழுவதும் எடுத்து முடிக்கும் வரை அதே இணைப்பில் வேறு வினவலை அனுப்ப முடியாது. மேலும், யீல்ட் (ஜெனரேட்டரில் ஒவ்வொரு மதிப்பையும் தரும் சொல்) உள்ள மெத்தட்டை அழைத்தவுடன் அதன் உள்ளே எதுவும் இயங்குவதில்லை. ஃபார்ஈச் சுழற்சி தொடங்கும்போதுதான் வினவலே போகும். அழைக்கும் வரியைச் சுற்றி மட்டும் பிழையைப் பிடிக்கும் ட்ரை-கேட்ச் எழுதியிருந்தால், பிழை அதைத் தாண்டி வேறிடத்தில் வெடிக்கும். இதைத் தவிர்க்க, ‘ஓட்டம்’ மெத்தட் வினவலை முதலில் இயக்கிவிட்டு, யீல்ட் உள்ள பகுதியைத் தனி பிரைவேட் மெத்தட்டாகப் பிரித்து, அதன் ஜெனரேட்டரைத் திருப்பித் தர வேண்டும்.